“காட் ப்ராமிஸ், அஞ்சு நிமிஷம்தான்!” சொன்ன சொல்லைக் காப்பாற்ற 5 வயதுக் குழந்தையைப் பழக்குவது எப்படி?

யுகேஜி அம்மா (கோவை):
எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது, யுகேஜி படிக்கிறாள். தினமும் சாயங்காலம் போன் கேட்பாள். “அஞ்சு நிமிஷம்தாம்மா, காட் ப்ராமிஸ்” என்று தொண்டையைக் கிள்ளிக் காட்டுவாள். கொடுத்தால் அரை மணி நேரம் ஆனாலும் திரும்பி வராது, வாங்கினால் வீடே அதிர்கிற அழுகை. போன் மட்டும் இல்லை. விளையாடி முடித்ததும் பொம்மையை எடுத்து வைக்கிறேன் என்பாள், தம்பிக்குப் பாதி பிஸ்கட் தருகிறேன் என்பாள், எதுவும் நடக்காது. மாமியார் “இப்பவே பொய் சத்தியம் பண்றா, இதைக் கண்டிக்காம விட்டா நாளைக்கு ஊரை ஏமாத்துவா” என்கிறார். கணவர் “குழந்தைதானே, விடு” என்கிறார். எனக்கு இரண்டு பதிலும் சரியாகப் படவில்லை. இந்த வயதில் ‘வாக்கு’ என்றால் புரியுமா? புரியும் என்றால் அடிக்காமல், பயமுறுத்தாமல் எப்படிப் பழக்குவது? தம்பிக்கு மூன்று வயது, அவனும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அங்கன்வாடி டீச்சர் (கும்பகோணம் பக்கம்):
அம்மா, முதலில் ஒன்று. உங்கள் மகள் சொல்வது பொய் இல்லை. சொல்கிற நேரத்தில் அவள் முழு மனதோடுதான் சொல்கிறாள். பொய் என்றால் ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருக்க வேண்டும். அவளிடம் இருப்பது அந்த எண்ணம் இல்லை, நிறுத்துகிற பலம் இல்லாமை. இரண்டும் வேறு வேறு, வைத்தியமும் வேறு.

அடுத்தது அந்த ‘அஞ்சு நிமிஷம்’. எங்கள் மையத்துப் பிள்ளைகள் போன வருடத் திருவிழாவையும் ‘நேத்து’ என்பார்கள், அடுத்த மாதத்துப் பிறந்தநாளையும் ‘நாளைக்கு’ என்பார்கள். கடிகாரம் பார்க்கத் தெரியாத குழந்தையிடம் அஞ்சு நிமிஷம் என்று வாக்கு வாங்கினால், அவள் எதற்கு ஒப்புக்கொண்டாள் என்பது அவளுக்கே தெரியாது. கண்ணுக்கோ காதுக்கோ தெரிகிற முடிவாக வையுங்கள். “குக்கர் மூணு விசில் அடிச்சதும் போன் என் கைக்கு வரணும்”, “இந்த ரெண்டு பாட்டு முடிஞ்சதும்” என்கிற மாதிரி. யூடியூபில் ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கும், அதை முதலில் அணைத்து வையுங்கள். பெரியவர்களையே விடாமல் பிடித்து வைக்கிற ஏற்பாடு அது. ஐந்து வயதுக் குழந்தையிடம் அதை எதிர்த்து ஜெயிக்கச் சொல்லிவிட்டு, தோற்றதும் பொய்க்காரி என்று பேர் வைப்பது நியாயமே இல்லை.

முடிவு வருவதற்கு முன்னால் பக்கத்தில் போய் உட்காருங்கள். “இது ரெண்டாவது பாட்டு, முடியப் போகுது” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடிந்ததும் அவளே அணைத்து அவளே உங்கள் கையில் கொடுக்கட்டும். நீங்கள் பிடுங்கினால் அங்கே வாக்கைக் காப்பாற்றியது நீங்கள். அவள் கொடுத்தால் அவள். அவள் கொடுக்கிற நாளில் “சொன்ன மாதிரியே குடுத்துட்டியே” என்று அதை மட்டும் சொல்லுங்கள், சாக்லேட் எல்லாம் வேண்டாம்.

திருச்சி அப்பா:
டீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நாம் சொல்கிற அஞ்சு நிமிஷம் எவ்வளவு நேரம்? “இரு கண்ணு, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்” என்று சொல்லி லேப்டாப்பில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். “இந்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா பீச்” என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்கிறோம்! அஞ்சு நிமிஷம் என்றால் ‘எப்போது தோன்றுகிறதோ அப்போது’ என்று அவள் வீட்டில்தான் கற்றிருப்பாள். குறை சொல்ல இதை எழுதவில்லை, எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

உளவியல் மாணவி:
யுகேஜி அம்மாவின் முதல் கேள்விக்கு ஆய்வுகளில் நல்ல பதில் இருக்கிறது. புரியும், மூன்று வயதிலேயே புரியும். கான்கீசர், கொய்மென், டொமசெல்லோ என்ற மூவர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வயது, ஐந்து வயதுக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஸ்டிக்கரைப் பங்கு தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் தராமல் போனபோது, மூன்று வயதுக் குழந்தைகளே ‘தரேன்னு சொன்னியே’ என்ற தோரணையில் எதிர்த்துக் கேட்டார்கள். சலிப்பான ஒரு சுத்தம் செய்யும் வேலையைத் தொடர்வதாக வாக்குக் கொடுத்த குழந்தைகள், கொடுக்காதவர்களைவிட அதிக நேரம் அதில் நின்றார்கள். ஆக அந்த உணர்வு உள்ளே இருக்கிறது, யாரும் ஊட்ட வேண்டியதில்லை. வளர்க்க வேண்டியதுதான் நம் வேலை.

திருச்சி அப்பா சொன்னதற்கும் ஒன்று இருக்கிறது. மார்ஷ்மெல்லோ சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தை முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டுப் போவது. வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டில் ஆரம்பித்தது. பொறுத்திருந்த குழந்தைக்கு மன உறுதி அதிகம் என்றுதான் ரொம்ப நாள் பேசினார்கள். செலஸ்ட் கிட் என்பவரும் கூட்டாளிகளும் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதையே வேறு விதமாகச் செய்தார்கள், 2013-இல் வெளியானது. மூன்று முதல் ஐந்து வயது வரை 28 குழந்தைகள். மிட்டாய்க்கு முன்னால் ஓவியம் வரையும் நேரம். “இதைவிட நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன், காத்திரு” என்று ஆய்வாளர் சொல்லிப் போவார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து “மன்னிச்சுக்கோ, இல்லை” என்றார். பிறகு ஸ்டிக்கரிலும் அதே மாதிரி. அதற்குப் பிறகுதான் மிட்டாய்ச் சோதனை. சொன்னபடி நடந்துகொண்டவரிடம் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், 14 பேரில் 9 பேர் முழு 15 நிமிடமும். ஏமாற்றியவரிடம் சராசரி 3 நிமிடம், 14 பேரில் ஒரே ஒரு குழந்தைதான் கடைசி வரை இருந்தது.

அதாவது பொறுமை இல்லாத குழந்தை என்று நாம் நினைப்பது, பல நேரம், நம்பக் காரணம் இல்லாத குழந்தை. சின்ன ஆய்வுதான், எல்லாவற்றுக்கும் இதையே பதிலாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டே இரண்டு தடவை ஏமாற்றியதற்கு இவ்வளவு வித்தியாசம் என்பதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
எல்லாம் படித்தேன். பெற்றோர் மேலேயே எல்லாப் பழியையும் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பஸ் தாமதமாகும், முதலாளி கூப்பிடுவார், மழை வரும். நினைத்தபடி எல்லாம் நடக்காது என்பதையும் குழந்தை தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஏமாற்றமே தெரியாமல் வளர்த்தால் நாளைக்கு உலகம் ஏமாற்றும்போது உடைந்துபோகும்.

என்னுடைய யோசனை, கதை சொல்லுங்கள். எங்கள் காலத்தில் அரிச்சந்திரன் கூத்து ஊர் ஊராக நடக்கும், விடிய விடிய உட்கார்ந்து பார்ப்போம். சொன்ன சொல்லுக்காக நாட்டை விட்டு, மனைவி மகனைப் பிரிந்து, சுடுகாட்டில் காவல் நின்றவன் கதை. காந்தி சிறுவனாக அந்த நாடகத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல இருக்கக்கூடாது என்று நினைத்ததாக எழுதியிருக்கிறார். 1888-இல் இங்கிலாந்து போகும் முன் மது, மாமிசம், பெண் மூன்றையும் தொட மாட்டேன் என்று தாயிடம் கொடுத்த வாக்கை அங்கே எத்தனை சிரமத்திலும் காப்பாற்றினார். இதைவிடப் பாடம் உண்டா?

உளவியல் மாணவி:
ஐயா, கதையின் பலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எந்த வயதுக்கு எந்தக் கதை என்பது முக்கியம். டொரண்டோவில் காங் லீ குழுவினர் 3 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளிடம் இதையே பார்த்தார்கள், 2014-இல் வெளிவந்தது. பொய் சொன்னால் மூக்கு நீளும் பொம்மைக் கதை, புலி வருது புலி வருது என்று கத்திய பையன் கதை, உண்மையை ஒப்புக்கொண்டதற்காக அப்பா பாராட்டும் ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரக் கதை. முதல் இரண்டுக்கும் பலன் தெரியவில்லை. மூன்றாவதைக் கேட்ட குழந்தைகள்தான் அதிகமாக உண்மையைச் சொன்னார்கள். தண்டனையைக் காட்டுகிற கதையைவிட நல்லது நடப்பதைக் காட்டுகிற கதை இந்த வயதில் வேலை செய்கிறது. அரிச்சந்திரன் கதையில் மகன் பாம்பு கடித்துச் சாகிறான். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதில் வாக்கு நினைவில் நிற்காது, பாம்பும் சுடுகாடும்தான் நிற்கும் என்று பயப்படுகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
கடைசியில் மகன் உயிரோடு வருகிறான், நாடும் திரும்பக் கிடைக்கிறது, அதையும் சொல்லித்தானே கதையை முடிப்போம்? சரி, ஐந்து வயதுக்குச் சுடுகாட்டுக் காட்சி வேண்டாம் என்பதை ஏற்கிறேன். பத்து வயதில் சொல்லலாம். ஆனால் ஏமாற்றத்தைப் பழக வேண்டும் என்று நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

குழந்தைகள் வார்டு செவிலியர் (மதுரை):
நான் சொல்கிறேன் ஐயா. ஏமாற்றமும் ஏமாற்றுவதும் ஒன்றில்லை. மழை வந்து பீச் போக முடியவில்லை என்றால் அது ஏமாற்றம், குழந்தை அழுதுவிட்டு மறந்துவிடும். ஆஸ்பத்திரிக்கு வரும்போது “ஊசி எல்லாம் இல்லடா, டாக்டர் மாமாவுக்கு ஹாய் சொல்லிட்டு வந்துடலாம்” என்று கூட்டி வருகிறார்களே, அது ஏமாற்றுவது.

5 வயதில் போடும் டிபிடி பூஸ்டர் ஊசிக்கு வருகிற பிள்ளைகளைத் தினம் பார்க்கிறேன். கைக்குழந்தைக்குப் போடுவது ஒரு நிமிட அழுகை. இந்த வயதுப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், ஞாபகமும் இருக்கும். ஊசி இல்லை என்று கேட்டு வந்த குழந்தை ட்ரேயைப் பார்த்ததும் அம்மாவை ஒரு பார்வை பார்க்கும். அந்த அழுகை வலியால் வருவதில்லை, ஊசி குத்துவதற்கு முன்னாலேயே வந்துவிடும். மூன்று பேர் பிடிக்க வேண்டியிருக்கும். “ஊசி இருக்கு, கொஞ்சம் வலிக்கும், நான் உன்னை மடியிலயே வச்சிருப்பேன்” என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வந்த குழந்தையும் அழத்தான் செய்யும். ஆனால் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும், அம்மாவிடமிருந்து திமிறி ஓடாது. வலிக்காது என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. மடியில் வைத்திருப்பது உங்கள் கையில் இருக்கிறது, அதற்கு வாக்குக் கொடுங்கள்.

அப்புறம் இன்னொன்று, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். சாப்பிடாவிட்டால் நர்ஸ் அக்கா ஊசி போட்டுவிடுவார், சேட்டை பண்ணினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும், பூச்சாண்டி வருவான், இதெல்லாம் வேண்டாம். உண்மையில் உடம்பு சரியில்லாமல் எங்களிடம் வரும்போது அந்தக் குழந்தை எங்களை எப்படி நம்பும்?

உளவியல் மாணவி:
செவிலியர் அக்கா சொன்னதற்கு நெருக்கமான ஆய்வு ஒன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஹேஸ், கார்வர் இருவரும் 2014-இல் செய்தது, 3 முதல் 7 வயது வரை 186 குழந்தைகள். பக்கத்து அறையில் பெரிய கிண்ணம் நிறைய மிட்டாய் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டிப் போய், பிறகு, அதெல்லாம் இல்லை, உன்னை விளையாடக் கூப்பிடத்தான் அப்படிச் சொன்னேன் என்று பாதிப் பேரிடம் சொன்னார்கள். பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாத ஒரு விளையாட்டு. பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏமாற்றப்படாதவர்கள் சுமார் 60 சதவீதம் பேர் எட்டிப் பார்த்தார்கள். ஏமாற்றப்பட்டவர்களில் அது கிட்டத்தட்ட 80 சதவீதம். அதைவிட, பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொன்னவர்கள் அவர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம். அதைவிடச் சின்னக் குழந்தைகளிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாசல் ஐந்து, ஆறு வயதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யுகேஜி அம்மா சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறார்.

ஷார்ஜா அப்பா:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கையில் இருப்பதற்கு மட்டும் வாக்குக் கொடு என்றதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எனக்கு ஒரே மகன், ஆறு வயது, ஊரில் அம்மாவோடு இருக்கிறான். பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கம்பெனி முதலில் லீவு தருவதாகச் சொல்லி, ஆள் இல்லை என்று கடைசியில் மறுத்துவிட்டது. அன்றிலிருந்து வீடியோ காலில் முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறான். அவன் அம்மா கூப்பிட்டால் “நீயே பேசு” என்று போய்விடுகிறான். பொம்மை கார் பார்சல் அனுப்பினேன், பிரிக்கவில்லையாம். நான் என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.

மட்டக்களப்பு அம்மம்மா:
தம்பி, உங்கட எழுத்தைப் பார்த்து மனம் கனத்துப் போச்சுது. என் மகள் குவைத்தில் வேலை செய்தவள், பேரன் என்னோடதான் வளர்ந்தான். இஞ்ச கிழக்கில் இப்படித் தாயைப் பிரிந்த பிள்ளைகள் எத்தனையோ வீட்டில். எங்கட வீட்டில் நாங்கள் வைத்த பழக்கத்தைச் சொல்கிறேன். வாற திகதியைப் பற்றிக் கதைக்கவே மாட்டோம். விமானச் சீட்டு கையில் வந்த பிறகுதான் பிள்ளைக்குச் சொல்வது. அதுவரை ‘அம்மா எப்ப வருவா’ என்று கேட்டால், ‘அது இன்னும் தெரியாதடா, தெரிஞ்ச உடனே உனக்குத்தான் முதல் சொல்லுவன்’ என்று சொல்வேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றலாம்.

ஆனால் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளைக்குப் பிடிக்க ஒரு கயிறு வேண்டாமா? மகள் ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் போன் எடுத்துக் கதைப்பாள். வேலை இருந்தாலும் இரண்டு நிமிசமாவது எடுத்து, பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வைத்துவிடுவாள். முதலில் அவனும் முகம் திருப்பிக்கொண்டுதான் இருந்தான். கதைக்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை, போனை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு நான் கதைப்பேன், அவன் காது இங்கேதான் இருக்கும். கொஞ்சக் காலம் போனதும் வெள்ளி பின்னேரம் எங்கேயும் விளையாடப் போகாமல் திண்ணையில் இருக்கத் தொடங்கினான். பார்சல் அனுப்பாதையுங்கோ தம்பி, அது பிறகு. ஒரு நாள், ஒரு நேரம், அதைத் தவற விடாதையுங்கோ.

அங்கன்வாடி டீச்சர் (கும்பகோணம் பக்கம்):
அம்மம்மா சொன்னதை அப்படியே செய்யுங்கள் தம்பி. அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். பொங்கலுக்கு வராததைப் பற்றி அவனிடம் நேராகப் பேசினீர்களா? “கம்பெனி லீவு தரலை” என்பது ஆறு வயதுக்குக் காரணம்தான், மன்னிப்பு ஆகாது. “வரேன்னு சொன்னேன், வரலை. நீ காத்துக்கிட்டு இருந்திருப்பே. உனக்குக் கோபம் வந்தது நியாயம்தான்” என்று சொல்லுங்கள். பதில் எதிர்பார்க்க வேண்டாம். அவன் போனுக்கு வராவிட்டால் வாய்ஸ் மெசேஜாக அனுப்பி, அவன் அம்மாவை அவனுக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதன் வாலில் ‘ஆனா நீயும் நல்லாப் படிக்கணும்’ என்று எதையும் ஒட்டாதீர்கள்.

ஷார்ஜா அப்பா:
நேராகப் பேசவில்லை டீச்சர். கார் வாங்கித் தருகிறேன் என்றுதான் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன். இன்றே அனுப்புகிறேன். நேரம்தான் சிக்கல். இங்கே வேலை முடிந்து அறைக்கு வருவதற்குள், ஒன்றரை மணி நேர வித்தியாசத்தில், அவன் தூங்கிவிடுகிறான். காலையில் அவன் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் எனக்கு அதிகாலை. அதுதான் என் கையில் இருக்கும் நேரம், அதை வைத்துக்கொள்கிறேன்.

குழந்தைகள் நலப் பணியாளர் (சென்னை):
இந்தப் பேச்சில் இதுவரை யாரும் தொடாத ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வந்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று மட்டும் சொல்லி வளர்த்தால் போதாது, காப்பாற்றக் கூடாத வாக்கும் உண்டு என்பதை அதே வயதில் சொல்லித்தர வேண்டும். குழந்தைகளைப் பாலியல் துன்பத்துக்கு ஆளாக்குகிறவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான், அவர்கள் பயன்படுத்துகிற முதல் ஆயுதமே ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு’ என்பது. நல்ல பிள்ளையாக, சத்தியத்தை மதிக்கிற பிள்ளையாக வளர்ந்த குழந்தை அந்த வாக்கைக் கட்டிக்கொண்டு மாதக் கணக்கில் வாய் திறக்காமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். “அம்மாகிட்ட சொல்லாதேன்னு யாராவது சத்தியம் வாங்கினா, அது சத்தியமே இல்லை. நீ சொல்லலாம். சொன்னா யாருக்கும் எதுவும் ஆகாது, நானும் திட்ட மாட்டேன்.” பிறந்தநாள் பரிசை ரகசியமாக வைத்திருப்பது வேறு. அது ஒரு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், எல்லோரும் சிரிப்பார்கள். வயிற்றைப் பிசைகிற ரகசியம் வேறு. குழந்தைகளுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரிகிறது. அப்படி ஏதாவது சொல்லிவிட்டால் முதலில் நம்புங்கள், பிறகுதான் மற்றதெல்லாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

“திட்ட மாட்டேன், என்னாச்சு சொல்லு” என்று கேட்டுவிட்டு, சொன்னதும் அடிப்பது நம் வீடுகளில் நடக்கிறது. தண்ணீர்க் குடத்தை உடைத்ததுதானே, சின்ன விஷயம்தானே என்று நினைக்க வேண்டாம். பெரிய விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று அந்தக் குழந்தை அங்கேதான் முடிவு செய்கிறது.

தென்காசி ஆசிரியை:
இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ‘அம்மா மேல சத்தியம்’ என்று வாங்குவதைத் தயவு செய்து நிறுத்த வேண்டும். இந்த வயதில் நினைத்தாலே நடந்துவிடும் என்ற நம்பிக்கை குழந்தைகளிடம் பலமாக இருக்கும். என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள், விசாரித்தால் ஒரே அழுகை. வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல். முந்தின நாள் பென்சில் விஷயத்தில் அம்மா மேல் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறாள், தன்னால்தான் அம்மா சாகப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பென்சிலுக்காக ஆறு வயதுக் குழந்தை அவ்வளவு பெரிய பயத்தைச் சுமந்தது. ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்பதும் இதே வகைதான்.

பிள்ளைகளுக்குள்ளே அவர்களே ஒரு முறை வைத்திருக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? சொன்னபடி செய்யாவிட்டால் ‘காய்’ விடுவார்கள், சுண்டு விரலைக் காட்டிப் பேச்சை நிறுத்துவார்கள். அடுத்த பீரியடில் இரண்டு விரலை நீட்டிப் ‘பழம்’ விட்டுச் சேர்ந்துவிடுவார்கள். தப்புக்கு ஒரு விலை, உடனே திரும்பி வர ஒரு வழி, யாருடைய உயிர் மேலும் ஆணை இல்லை. நாம் சொல்லிக் கொடுத்ததைவிட இது மேல் என்றே நினைக்கிறேன்.

தூத்துக்குடி அப்பா:
பொங்கல் காசைப் பற்றி யாரும் பேசவில்லையே. தாத்தா, மாமா, சித்தி எல்லாரும் கொடுக்கிற காசை ‘அம்மா பத்திரமா வச்சிருக்கேன்’ என்று வாங்கிக்கொள்கிறோம், அந்தக் காசு பிறகு கண்ணில் படுவதே இல்லை. பெரியவர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். குழந்தைக்கு அதுதான் பணத்தை நம்பி ஒருவரிடம் கொடுத்த முதல் அனுபவம். நாங்கள் ஒரு சின்ன நோட்டு போட்டிருக்கிறோம். யார் எவ்வளவு கொடுத்தார் என்று மகனே எழுதுவான். வீட்டுக்கு அவசரமாக எடுத்தால் “உன்கிட்ட 200 ரூபாய் கடன், சம்பளத்தன்னைக்குத் தரேன்” என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன், சம்பளத்தன்று வைத்தும் விடுவேன். பத்து வயது ஆனதும் தபால் ஆபீஸில் அவன் பேரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி அவனே நடத்தலாம், அதற்காகக் காத்திருக்கிறான்.

யுகேஜி அம்மா (கோவை):
எல்லோருக்கும் நன்றி, மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன். பாட்டு எண்ணிக் கொடுப்பதை ஆரம்பித்திருக்கிறோம். சில நாள் தானே அணைத்துக் கொடுக்கிறாள், சில நாள் பழைய கதைதான். கொடுக்காத நாளில் என்ன செய்ய? “இனிமே உன்னை நம்பவே மாட்டேன்” என்று வாய் வரை வருகிறது. இன்னொரு சிக்கல், நான் இல்லை என்று சொன்னதைப் பாட்டி “நான் வாங்கித் தரேன்டி கண்ணு, அழாதே” என்று சொல்லிவிடுகிறார். பெரியவரிடம் எப்படிப் பேசுவது?

அங்கன்வாடி டீச்சர் (கும்பகோணம் பக்கம்):
நம்ப மாட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நம்பிக்கை போய்விட்டது என்று தெரிந்த பிறகு காப்பாற்ற அவளுக்கு என்ன இருக்கிறது? “இன்னைக்குச் சொன்னபடி தரலை, அதனால நாளைக்கு ஒரு பாட்டுதான்” என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள், அதை நீங்கள் மாற்றாமல் செய்யுங்கள். மறுநாள் ஒரு பாட்டு முடிந்து கொடுத்துவிட்டால் அதற்கடுத்த நாள் பழையபடி இரண்டு. நேற்றுக் கதையை எடுக்கவே கூடாது.

பொம்மை, பிஸ்கட் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் வாக்கு வாங்காதீர்கள். தம்பிக்குப் பாதி பிஸ்கட் தருவேன் என்பது பசிக்கிற நேரத்தில் ரொம்பப் பெரிய வாக்கு. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் அவள் நிலைத்த பிறகு அடுத்தது. அவள் முடியாது என்று சொல்லவும் இடம் கொடுங்கள். “எடுத்து வைப்பியா?” என்று கேட்டால் ‘ம்’ என்பதைத் தவிர வேறு பதிலே செல்லாது என்றால், அந்த ‘ம்’ வாக்கு இல்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
பாட்டியைப் பற்றி நான் சொல்கிறேன், நானும் தாத்தாதான். அவர் வாங்கித் தருவதாகச் சொன்னதைத் தடுக்காதீர்கள், உங்கள் மாமியாரின் மரியாதை அதில் இருக்கிறது. “அத்தை, நீங்க சொல்லிட்டீங்க, அவ காத்துக்கிட்டு இருக்கா, இன்னைக்கே வாங்கிக் கொடுத்துடுங்க” என்று சொல்லுங்கள். அழுகையை நிறுத்தச் சொன்ன சொல்லை நிஜமாகவே செய்ய வேண்டி வந்தால், அடுத்த முறை அவரே யோசித்துச் சொல்வார். அரிச்சந்திரன் கதையைப் பாட்டியையே சொல்லச் சொல்லுங்கள், சுடுகாடு இல்லாமல்.

யுகேஜி அம்மா (கோவை):
நல்ல வழி ஐயா. இது முடியும். மூன்று வயதுத் தம்பிக்கு இப்போதே ஏதாவது ஆரம்பிக்கலாமா? வரும் ஜூனில் ப்ரீகேஜி சேர்க்கிறோம், விட்டுவிட்டு வரும்போது என்ன நடக்கும் என்று இப்போதே கவலை.

அங்கன்வாடி டீச்சர் (கும்பகோணம் பக்கம்):
அவனிடம் வாக்கு எதுவும் வாங்க வேண்டாம், கொடுக்க மட்டும் செய்யுங்கள். கடைக்குப் போய் மிட்டாய் வாங்கி வருகிறேன் என்று சொல்லி நழுவாதீர்கள், அவன் பொம்மையைப் பார்க்கும் நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாகவும் போகாதீர்கள். அப்படி விட்டுப்போன குழந்தைகள் எங்கள் மையத்தில் வாசலையே பார்த்துக்கொண்டு விளையாடாமல் உட்கார்ந்திருக்கும். சொல்லிவிட்டுப் போனால் அந்த நேரத்தில் அதிகமாக அழுவான், அழட்டும். “சாப்பிட்டு முடிச்சு மணி அடிச்சதும் கேட்டுக்கிட்ட நிப்பேன்” என்று சொல்லுங்கள். வேறு யாரும் கூப்பிட வருவதானால் அவர் பேரையும் சொல்லுங்கள், பாட்டி வருவார் என்றால் பாட்டிதான் வர வேண்டும். முதல் வாரம் மட்டும் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே போய் நின்றுவிடுங்கள். வண்டி பஞ்சர் ஆகும், மழை பெய்யும், அதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பத்து நிமிடம்.